அந்த ஜப்பான்காரர் தட்டியதைப் பார்த்தேன்

பாண்டி, இது உன் அப்பா எழுதுவது. வேறு யாரும் எழுதித் தரவில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, "இன்னுமா அந்த வரி முடியல?" என்று கேட்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து வரி, பன்னிரண்டு வரி எழுத வருகிறது. அதற்குள் விரல் மரத்துப் போகிறது. ஆனாலும் எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அறுபது வயது தாண்டி, மனதில் இருப்பது தாளில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. நேற்று எழுதியது இன்றைக்கும் மாறாமல் இருக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது. வாயால் சொன்னதுதான் மாறாமல் இருக்கும் என்று இதுவரை நினைத்திருந்தேன். அதிலும் கெட்ட வார்த்தைகள்.

சந்தோஷத்தைச் சொல்லிவிட்டேன். இனி சொல்லப் போவது வேறு. அந்த ஜப்பான்காரர் தட்டியதை நான் பார்த்துவிட்டேன். பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் அந்த அதிர்ச்சி என்னை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்தக் கை ஞாபகம் வருகிறது. உனக்கு இது பழைய செய்தி. எனக்குப் புதுசு. நீ வரும் மாதம் பெங்களூரில் மறுபடி போட்டியில் இறங்கப் போவதாகத் தோமா மாஸ்டர் போன் செய்து சொன்னார். எதிராளி கையை மடக்கிப் பூட்டுவதில் கெட்டிக்காரன் என்றும் சொன்னார். அதனால் இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும். இன்னும் சில பேரும் இதைப் படிக்கப் போகிறார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது வாழைத்தார் லாரியில் குமுளிக்குத் தொற்றிக்கொண்டு போனாய். அங்கே ஏலக்காய் கிட்டங்கி ஒன்றின் பின்பக்கம் மலையாளியான தோமா மாஸ்டர் தார்ப்பாயை விரித்து ஜூடோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சின்னமனூரிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து மலை ஏறி நீ போய் வந்தாய். ஆறு மாதம் கழித்து மாஸ்டரே நம் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பையன் கொள்ளாம், நல்லா வருவான். இவன எனக்கு விட்டுருங்க" என்றார். நான், "என்னத்துக்கு விடணும்? மார்க்கெட்டுல ஏத்துறதுக்கு ஆளு இல்லாமக் கெடக்கு" என்றேன். அவர் சிரித்து, "சாரமில்ல, பரவால்ல, வார நாள்ல நீங்க வச்சுக்கோங்க" என்றார். அப்படித்தான் நீ ஐந்து நாள் என்னோடு வாழைத்தார் சுமந்து, இரண்டு நாள் மனிதர்களைத் தூக்கிப் போட்டாய்.

அந்த மாஸ்டர் கொடுத்த சிடியில்தான் ஜப்பான்காரர் நம் வீட்டுக்குள் வந்தார். நான் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் போடுவாய். கம்பி வலை போல ஒரு அடைப்பு, அதற்குள் இரண்டு பேர், கையில் விரல் தெரிகிற சின்ன உறை. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏலே, இது என்னடா, போலீசு இல்லையா அந்த ஊர்ல?" என்றேன். "இது போட்டிப்பா. இங்கன பாருங்க, இவருதான் லைட்வெயிட்டு சாம்பியன்" என்றாய். "இம்புட்டு ஒல்லியா இருக்கான்?" "எழுபது கிலோப்பா. நம்ம மூணு தாரு எடை." அது எனக்குப் பிடித்துவிட்டது. மூன்று தார் எடையில் ஒரு மனிதன் உலகத்தையே ஆட்டி வைக்கிறான் என்றால் நம் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கதையை நீ துண்டு துண்டாகச் சொல்வாய். கடற்கரை ஊர்க்காரர். அவருடைய அப்பா கூரை ஓடு மாற்றுகிற வேலைக்காரர். மகனும் ஏணி ஏறுவான் என்று அவர் நினைத்திருக்கிறார். மகன் பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் பழகி, பட்டணத்துக்கு ஓடிப்போய், பகலில் ஓடு சுமந்து சாயங்காலம் சண்டை பழகினார். ஓடு சுமந்தார் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டேன். முதல் பட்டத்துக்கு மோதியபோது நூலிழையில் நடுவர்கள் எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் ஆளையே காணவில்லை. மறுபடி வந்தார். இடது கை முன்னால் நீட்டி, தாடை இறங்கி, வேலைக்குப் போகிறவர் மாதிரி உள்ளே வருவார். ஒருவன் பின் ஒருவனாக விழுந்தார்கள். பட்டம் அவர் இடுப்புக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் நாலு பக்கமும் குனிந்து கும்பிடுவார். அதைப் பார்த்து உன் அம்மாகூட, "நல்ல வளப்பு" என்றாள்.

ஆனால் அந்த எழுபது கிலோவைத் தாண்டாமல் இருக்க அவர்கள் எடை குறைக்கிற விதம் எனக்கு ஆகவில்லை. எடை போடுகிற நாளுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு வியர்வை வடிப்பதை ஒரு சிடியில் காட்டினாய். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சாகக் கிடப்பவர் போல இருந்தார். நீயும் அதை ஆரம்பித்தாய். அம்மா கறிக்குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமை, நீ ஒரு எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். சுமை தூக்கிச் சோறு போடுகிறவனுக்கு முன்னால் பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்க்க முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கோபமாகத்தான் வந்தது.

இனி நான் எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இதை எழுத மூன்று நாள் ஆனது.

கோட்டயத்தில் நடந்த பெரிய ஜூடோ போட்டிக்கு நீ போயிருந்தாய். நீ திரும்புவதற்கு முன்னால் லாரி டிரைவர் ஒருவர் செய்தி கொண்டு வந்துவிட்டார். எதிராளி உன் கையைப் பூட்டியதும் நீ தரையைத் தட்டிவிட்டாய் என்றார். தட்டினால் என்ன என்று கேட்டேன். "விட்ருன்னு அர்த்தம். தோத்துட்டேன்னு ஒத்துக்கிறது" என்றார். கமிஷன் கடைக்கு எதிரே டீக்கடையில் எல்லோரும் நின்றார்கள். என்னோடு முப்பது வருஷம் சுமை தூக்கிய ஒச்சு, "சின்னப் பய, வுடுப்பா" என்று சொல்லிப் பார்த்தான். நான் கேட்கவில்லை. பத்து மணி பஸ்ஸில் நீ பையோடு இறங்கி நேராக என்னைப் பார்த்து வந்தாய். நான், "வா ராசா. தட்டிட்டு வந்துட்டயா? அடுத்த தரம் போகையில ஒங்க ஆத்தா சீலைய உடுத்திட்டுப் போ" என்றேன். டீக்கடையே சிரித்தது. நீ, "சரிப்பா" என்றாய். பையை வைத்துவிட்டு நேராக லாரிக்குப் போய் அன்றைக்கு ஏற்ற வேண்டிய தாரை ஏற்றினாய். வலது கையால் மட்டும் பிடித்து ஏற்றினாய். இடது கையை நீ தூக்கவே இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பெங்களூரில் ஜப்பான்காரர் ஆடுவது போன்ற போட்டி. நான் வரவில்லை. மாஸ்டர் பிறகு சொன்னார். "அண்ணே, பூட்டு முழுசா விழுந்துருச்சு. தட்டு, தட்டுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவனுக்குக் கேட்டுச்சு. என்னெத் திரும்பிப் பாத்தான். தட்டலை." முழங்கை முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாம். உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த பிறகு நான் வந்தேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தாய். மயக்க ஊசி தெளியாமலேயே சிரித்தபடி, "தட்டலப்பா" என்றாய்.

பாண்டி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவரை எழுதித் தரச் சொல்ல முடியாத வரி இதுதான். இதற்காகத்தான் எழுத்துப் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். நீ அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெருமையாக இருந்தது. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய், "கை ஒடிஞ்சும் தட்டலயாம்ல எம் மகன்" என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு டீ எனக்கு ஓசியில் வந்தது. அதைக் குடித்தேன். ஒச்சு மட்டும் என் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நின்றான்.

கட்டுப் பிரித்த பிறகும் அந்த முழங்கை முழுதாக நீளவில்லை. நீ பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை என்று கிளம்பிப் போனாய். மூன்று வருஷம். போனில் நான் கேட்டதெல்லாம், "சாப்பிட்டயா? மழையா அங்கன?" அதற்கு மேல் வார்த்தை வராது. போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். முழங்கால் போய் நான் சுமையை விட்ட பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்கு அவள்தான் தள்ளினாள். "வீட்டுல ஒக்காந்து எம் மொகத்தப் பாக்குறதுக்கு அங்கன போயி போர்டப் பாருங்க" என்றாள். போனேன். ஒரு வருஷத்தில் பஸ் போர்டு படித்தேன். உரமூட்டை படித்தேன். ஒருநாள் டிவிப் பெட்டியின் மேல் தூசி துடைக்கும்போது ஒரு சிடி உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அப்பாவுக்கு. கடைசி வரை பாருங்க.'

அம்மாவைக் கேட்டேன். "ஊருக்குப் போற அன்னிக்கு வச்சுட்டுப் போனான். அப்பா பாக்கட்டும்னு சொன்னான். நானும் ஒங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் பாத்தாச்சு பாத்தாச்சுன்னு சொல்லி அதுமேல செல்போன் சார்ஜர வச்சீக" என்றாள். எல்லாம் அந்த ஜப்பான்காரர் ஜெயிக்கிற சிடிதானே, பார்த்ததுதான் என்று நினைத்திருக்கிறேன். மூன்று வருஷம், பாண்டி. நீ எனக்கு எழுதியதன் மேல் மூன்று வருஷம் சார்ஜரை வைத்திருக்கிறேன்.

ஒச்சுவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். அமெரிக்காவில் நடந்த ஆட்டம். ஜப்பான்காரருக்கு வயதாகியிருந்தது. காதோரம் நரை. முன்பு போலவே இடது கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் சுற்றில் அவர் கைதான் ஓங்கி இருந்தது. ஒச்சு, "இந்தாளு பெரிய சூரன்யா" என்றான். இரண்டாவது சுற்றில் ஒரு சின்னப் பையன், இவருடைய மகன் வயது இருக்கும், முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டான். விடுவித்துவிடுவார் என்று காத்திருந்தேன். எத்தனை தடவை விடுவித்திருக்கிறார். அவர் தன் வலது கையைத் தூக்கினார். அந்தப் பையனின் முழங்கையில் மெல்ல, மூன்று தரம் தட்டினார். கதவைத் தட்டுகிற மாதிரி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். டிவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஒச்சு வாயைத் திறந்தபடி இருந்தான். அந்தப் பையன் அந்த நொடியே கையை எடுத்தான். ஒரு நொடி கூடுதலாக வைக்கவில்லை. அவர் கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பையன் முன்னால் மண்டியிட்டுத் தரையில் நெற்றி வைத்தான். அடைப்புக்கு வெளியே இருந்து ஒரு கிழவர் ஓடி வந்து அவர் பின்கழுத்தைத் தேய்த்துவிட்டார். ஜப்பான்காரரும் எழுந்து நாலு பக்கமும் குனிந்தார். நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவன் சிரிக்கிறான் என்று தேடினேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

"ஏன்டா ஒருத்தனும் சிரிக்கல?" என்று ஒச்சுவிடம் கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தாங்குன்னு சத்தம் கேட்டா நாம சிரிப்பமா?" என்றான்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தார் சுமந்து லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது தலைச்சுமை சரிந்தாலோ கழுத்து தாங்காவிட்டாலோ நாங்கள் "தாங்கு" என்று ஒரு சொல் சொல்வோம். பக்கத்தில் யார் இருந்தாலும், பேசாத பகையாளி ஆனாலும், தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுமைக்குக் கீழே கை கொடுக்க வேண்டும். எத்தனை தார் வைத்தாய், ஏன் வைத்தாய் என்று கேட்கக் கூடாது. பிறகு டீக்கடையிலும் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. சிரித்தவனை மறுநாள் யாரும் கூட்டாகச் சேர்க்க மாட்டார்கள். இது எங்கள் சங்கத்தில் எழுதி வைத்தது இல்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரியும். ஒச்சு சொன்னான். "நாம வாயால சொல்றோம். அவுக கையால சொல்றாக. அம்புட்டுத்தான்யா. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகத் தெரியும். ஒரே ஒரு தடவை நான் "தாங்கு" சொல்லாமல் இருந்தேன். உன் அம்மாவைப் பெண் கேட்டிருந்த நேரம், அவளுடைய அண்ணன் மார்க்கெட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு தார் வைத்துக்கொண்டு பலகையில் ஏறினேன். முழங்கால் விலகுவது தெரிந்தது. சொல்லவில்லை. ஏறி முடித்தேன். இன்றைக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது அந்த ஒரு நாளின் கூலி. மழையில் வழுக்கியது என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வழுக்கவில்லை. அண்ணன்காரர் அன்றைக்கு என்னைப் பார்த்ததாகக்கூடப் பிறகு ஞாபகம் வைத்திருக்கவில்லை.

சிடியில் அதற்குப் பிறகும் இருந்தது. நீ கடைசி வரை பார்க்கச் சொன்னது அதற்காகத்தான் என்று புரிந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அதே மனிதர், அதே இடது கை, வேறொரு ஊர், வேறொரு எதிராளி. ஜெயித்தார். கழுத்து முழுசாக இருந்ததால் அந்த ஆட்டத்துக்கு வர முடிந்தது. தட்டாமல் இருந்திருந்தால் சிடி முன்னாலேயே முடிந்திருக்கும். நீ என்னோடு வாதாட முடியாமல், நீளாத கையோடு அதை எனக்காகத் தேடிப் பதிந்து, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் படிக்காதவன் என்று தெரிந்தும் எழுதி வைத்திருக்கிறாய். யாரிடமாவது கேட்டாவது படிப்பேன் என்று நினைத்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்றேன் அல்லவா. எங்கள் வகுப்பு டீச்சர் மாதம் ஒரு கையெழுத்துத் தாள் தயார் செய்கிறார். அதைக் கமிஷன் கடைக்கு எதிரே அந்த டீக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள். இதை அதில் போடச் சொன்னேன். டீச்சர் படித்துவிட்டு, "ஐயா, இது வீட்டுச் சமாச்சாரம், யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையை வீட்டுக்குள் உட்கார்ந்து திரும்ப வாங்க முடியாது. அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் படிக்க வரும். மற்றவர்களுக்கு நானே நின்று படித்துக் காட்டுவேன். நான் சொன்னது தப்பு. கோட்டயத்தில் நீ தட்டியது சரி. பெங்களூரில் உன் கையை முறித்ததில் பாதி அந்த எதிராளி, பாதி நான்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. சண்டை போடாதே என்று சொல்ல மாட்டேன். அது உன் தொழில். அந்த இடது முழங்கை இன்னொரு தடவை முறிந்தால் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பிடிக்காது என்று மாஸ்டர் சொன்னார். வலி வருவதற்கு முன்னால், பூட்டு விழுந்துவிட்டது என்று தெரிந்த உடனே தட்டு. யாரையும் திரும்பிப் பார்க்காதே. அன்றைக்கு நீ மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தபோது அவரையா பார்த்தாய்? டீக்கடையில் நின்ற என்னைத்தான் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். இப்போது அங்கே அப்படி யாரும் நிற்கவில்லை.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. இரத்தம் சூடாக இருக்கும்போது இந்தக் கடிதம் உனக்கு ஞாபகம் வராமல் போகலாம். பழைய வார்த்தைதான் முதலில் வரும். அதை மாஸ்டரிடம் கேட்டேன். அதற்கும் வழி உண்டு என்றார். ஆடுகிறவன் தட்டாவிட்டாலும், அவன் மூலையில் நிற்கிற ஆள் ஒரு வெள்ளைத் துண்டை உள்ளே எறியலாம். துண்டு விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார். யார் அந்த ஆள் என்று முன்னாலேயே ஒரு தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். "பையன் அந்த எடத்தக் காலியா விட்டுருக்கான் அண்ணே. யாரும் வேணாம்னு சொல்றான்" என்றார்.

நானும் அம்மாவும் தேனியிலிருந்து ராத்திரி பஸ்ஸுக்குச் சீட்டுச் சொல்லியிருக்கிறோம். நீ வேண்டாம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டும் என்றால் அந்தத் தாளில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திரு. என் பெயரை நீ எழுத வேண்டாம், மாஸ்டரும் எழுத வேண்டாம். எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், போட்டி நடத்துகிறவர்களைக் காத்திருக்கச் சொல். நானே வந்து எழுதுகிறேன்.